கேமராவுக்கு மேல் ஒரு சிவப்புப் பொட்டு

"போனைக் கொடுங்க மேடம்" என்று செக்யூரிட்டி கையை நீட்டினார். சட்டையில் ஏசுதாஸ் என்று பெயர்த் தகடு குத்தியிருந்தது.

"எதுக்கு?"

"கேமரால ஸ்டிக்கர் ஒட்டணும். உள்ள படம் எடுக்கக்கூடாது."

"நான் கம்பெனிக்கு வரல்ல. டீச்சர்மாருக்கு மீட்டிங்குன்னு வரச் சொன்னாங்க."

"மீட்டிங்கு எங்க நடக்குது? கம்பெனிக்குள்ளதான நடக்குது. எங்க மாமனாரே வந்தாலும் ஒட்டிட்டுத்தான் உள்ள வுடுவேன்."

சந்தனமாரி டீச்சர் போனைக் கொடுத்தார். ஏசுதாஸ் ஒரு சுருளிலிருந்து சிவப்பு வட்டங்களை உரித்து முன்பக்கக் கேமராவில் ஒன்று, பின்பக்கக் கேமராவில் ஒன்று வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். "வெளிய போறப்போ இது ரெண்டும் இப்டியே இருக்கணும். ஓரம் தூக்கியிருந்தாக்கூட அப்புறம் பேஜார் ஆயிடும், சொல்லிட்டேன்."

டீச்சர் சரி என்று தலையாட்டினார். ஸ்டிக்கரில் அவர் மனம் போகவில்லை. உள்ளே சுபாஷ் என்று ஒருவர் இருப்பார். அவரை மாலை ஐந்து மணிக்குள் பிடித்தாக வேண்டும். பிடிக்காவிட்டால் தென்றலின் பெயர் விட்டுப்போகும்.

தென்றல் அவருடைய எட்டாம் வகுப்பு மாணவி. ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவே, ஏரியை ஒட்டிய ஊரில் உள்ள நடுநிலைப் பள்ளி அது. காலையில் மணி அடிக்கும்போது கம்பெனி பஸ்களும் அதே ரோட்டில்தான் போகும். பிரேயர் பாட்டு பாதி ஹாரனில் கரைந்துவிடும். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கவுன்சிலிங்கில் இந்த ஊரை எடுத்துக்கொண்டு வந்தபோது, இரண்டு வருஷத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்றுதான் டீச்சர் நினைத்திருந்தார். பிறகு மின்வாரியத்தில் வேலை பார்க்கும் ராஜசேகரைக் கட்டிக்கொண்டு குன்றத்தூரில் வாடகைக்கு வீடு பிடித்தாயிற்று. பேச்சில் பாதி வடக்கே வந்துவிட்டது. கோபம் வந்தால் மட்டும் ஊர் திரும்பிவிடும்.

தென்றலுக்குக் கணக்கு என்றால் பொரிகடலை தின்பது மாதிரி. கரும்பலகையில் கேள்வியை எழுதி முடிப்பதற்குள் பின்பெஞ்சிலிருந்து விடை வந்துவிடும். "நான் எழுதி முடிக்கட்டும், பொறு" என்று டீச்சர் சொல்லாத நாள் இல்லை. அம்மா சசிகலா வயர் பின்னும் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை. அப்பா ஓசூர் பக்கம் போனவர், அந்தப் பக்கமே இருந்துவிட்டார். வீட்டில் இரண்டு பேர், ஒரு போன்.

இந்தக் கம்பெனி வளாகத்தில் இயங்கும் ஓர் அறக்கட்டளை, ஒன்றியத்திலுள்ள எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரைத் தேர்ந்தெடுத்து வருஷம் முழுக்கச் சனிக்கிழமைதோறும் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுக்கப் போகிறது. கூட்டிப்போக வண்டி உண்டு, சோதனைக்கூடம் உண்டு. யாரை எடுப்பது என்பதை ஆசிரியர்கள் சொல்ல முடியாது. 'ஏணிப்படி' என்ற செயலி சொல்லும். தினமும் சாயங்காலம் அது பிள்ளைகளின் வீட்டுப் போனுக்குக் கணக்கு அனுப்பும். பிள்ளை தாளில் போட்டு, செயலியைத் திறந்து, தாளைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். இயந்திரம் படித்துப் பார்த்து, பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று முடிவு செய்யும். ஏழாம் படிக்கு மேலே இருந்தால் சனிக்கிழமை வகுப்பு. அந்தப் பட்டியலை இன்று மாலை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள்.

தென்றல் நின்றது இரண்டாம் படியில். பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கட்டம், அதற்குள் ஒரே குறிப்பு: வெற்றுத் தாள்.

அவள் மட்டும் இல்லை. வகுப்பில் பாதிக்கு மேல் சிவப்பு. பூக்கடைக்காரர் மகன் பச்சை, டீக்கடைக்காரர் மகள் பச்சை. வாய்ப்பாடு எட்டைத் தாண்டாத பிள்ளைகளெல்லாம் பச்சையில் உட்கார்ந்திருக்க, தென்றல் சிவப்பில். பிள்ளை அனுப்பிய படத்தைப் பார்க்கலாம் என்றால், ஆசிரியருக்குக் காட்ட மாட்டார்களாம், தகவல் பாதுகாப்பு.

"ஏட்டி, ஏன் எழுதாம அனுப்புத?" என்று கேட்டதற்கு, "எழுதினேன் மிஸ். போட்டோ எட்த்தேன். நன்றின்னு வந்துச்சு" என்றாள் தென்றல். அவ்வளவுதான். பெற்றோர் கூட்டத்தில் கம்பெனி வேலைக்குப் போகிறவர்களைப் பார்த்து, "ஷிப்டு ஷிப்டுன்னு ஓடுதீங்க, பிள்ளை என்ன செய்யுதுன்னு ஒரு கண்ணு பாக்கக்கூடாதா?" என்று டீச்சர் நன்றாகவே கொடுத்தார். சசிகலா தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்.

செயலியின் உதவி எண்ணுக்கு அடித்தால், 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்' என்று ஒரு பெண்குரல் சொல்லிவிட்டுப் பாட்டுப் போடும். பாட்டு முடிந்ததும் இணைப்பும் முடிந்துவிடும். கடைசியில் தலைமையாசிரியை லூர்தம்மாள்தான், "இந்தா, கல்வித் தொழில்நுட்பச் சங்கமமாம். ஒரு ஆள் வரணுமாம். ஏணிப்படிக்காரர் அந்த சுபாஷ் பேசறாராம். நேர்ல போய்ப் பிடிச்சிக்கோ" என்று அழைப்பைத் தள்ளிவிட்டார். கூடவே ஒரு புத்தியும் சொன்னார்: "சண்டை போடாத. சாப்பாடு நல்லா இருக்கும், சாப்ட்டு வா."

வெள்ளிக்கிழமை மணி அடிக்கும் நேரத்தில் தென்றலைக் கூப்பிட்டு, படியை முடிவு செய்யச் செயலி அனுப்பியிருந்த இந்த மாத நிலைத் தேர்வின் கணக்குகளைக் கொடுத்து, கண்ணெதிரே போடச் சொன்னார் டீச்சர். அவள் நின்றபடியே மேசையில் வைத்து மளமளவென்று போட்டு நீட்டினாள். அந்தத் தாள்கள் இப்போது கைப்பைக்குள் இருந்தன.

பயிற்சிக் கூடம் குளிர்ந்து கிடந்தது. வாசலில் வருகைப் பதிவுக்கு ஒரு பதாகை: கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்யவும். பக்கத்தில் நின்ற பெண் சிரித்த முகமாக, "ஸ்கேன் பண்ணிட்டு உள்ள போங்க மேம்" என்றாள்.

டீச்சர் போனைத் தூக்கிப் பிடித்தார். திரை முழுக்கச் சிவப்பு.

"எனக்கு எடுக்க மாட்டேங்குது."

"கொஞ்சம் தள்ளிப் பிடிங்க மேம்."

தள்ளிப் பிடித்தார். தூரத்துச் சிவப்பு.

பின்னால் வரிசை நீண்டது. எல்லார் கையிலும் போன், எல்லார் போனிலும் சிவப்பு வட்டம். கருக்குப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஃபாத்திமா டீச்சர் தன் போனை அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே காட்டி, "கண்ணைக் கட்டி வுட்டுட்டு கோலம் போடச் சொல்றீங்களே, நல்லா கீதா?" என்றார். அந்தப் பெண் ஸ்டிக்கரைப் பார்த்தாள், பதாகையைப் பார்த்தாள், யாரையோ தேடிக்கொண்டு ஓடினாள். கூட்டத்தை நடத்துகிறவர்கள் வெளியூர். கேட்டில் என்ன நடக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எழுதி உள்ளே போக, முதல் அமர்வு தேநீர் நேரத்தில்தான் தொடங்கியது. தேநீருக்கும் ஒரு கியூஆர் கட்டம் இருந்தது. இந்த முறை யாரும் போனை எடுக்கவே இல்லை. நேராகப் போய் டம்ளரை எடுத்துக்கொண்டார்கள்.

மேடையில் சுபாஷ் ஏறினார். முப்பதைத் தொட்ட வயது, காதில் மாட்டிய மைக். நல்ல பிள்ளையாகத்தான் தெரிந்தார். பெரிய திரையில் ஒரு வரைபடம் விரிந்தது. இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி ஒரகடம் வரை சிவப்புப் புள்ளிகள் அம்மை போட்டது போல.

"மாநிலத்துல வேற எங்கயும் இந்த பேட்டர்ன் இல்ல" என்றார் சுபாஷ். "இந்த இண்டஸ்ட்ரியல் காரிடார்ல மட்டும் பசங்க வெள்ளைத் தாளை போட்டோ எடுத்து அனுப்புறாங்க. தினமும் அனுப்புறாங்க, ஆனா எழுதாம அனுப்புறாங்க. இதுக்கு நாங்க வெச்சிருக்கிற பேரு, மோட்டிவேஷன் கேப். பேரன்ட்ஸ் பிஸி. டீச்சர்ஸ் ஃபாலோ அப் இல்ல."

சிவப்புப் பள்ளிகளின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் ஏறின. தன் பள்ளியின் பெயர் வந்தபோது சந்தனமாரி டீச்சருக்குக் காது சுட்டது. பக்கத்து மேசையில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். அடுத்தது ஃபாத்திமா டீச்சரின் பள்ளி.

"வாங்க டீச்சர், நமக்குத் துணை கெடச்சிருச்சு" என்றார் ஃபாத்திமா, பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே.

சந்தனமாரி டீச்சர் எழுந்தார். "சார், ஒரு கேள்வி."

"கேள்வியெல்லாம் கடைசியில எடுத்துக்கலாம் மேடம். ஸ்க்ரீன்ல இருக்கிற கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணினா ஒரு பாக்ஸ் வரும், அதுல டைப் பண்ணுங்க."

கூடத்தில் சிரிப்பு கிளம்பியது. எதற்கு என்று சுபாஷுக்குப் புரியவில்லை. தன் பேச்சு எடுபட்டதென்று நினைத்தாரோ என்னவோ, அவரும் சிரித்தார்.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில்தான் ஆள் சிக்கினார். வாசலுக்குப் பக்கத்தில் ஏணிப்படி நிறுவனத்துக்கென்று ஒரு மேசை, மடிக்கணினி, சாக்லேட் கிண்ணம். எல்லாரும் பிரியாணிக்குப் போய்விட்ட நேரம். லூர்தம்மாள் சொன்ன நல்ல சாப்பாட்டின் வாசனை மட்டும் டீச்சருக்குக் கிடைத்தது.

"தென்றல்னு ஒரு பிள்ளை" என்று ஆரம்பித்தார். "வெற்றுத் தாள்னு போட்டிருக்கீங்க. அந்தப் பிள்ளை எழுதுது. எனக்குத் தெரியும்."

"மேடம், எல்லா டீச்சரும் அதான் சொல்றாங்க."

"சரி, அது என்ன அனுப்பிச்சுன்னு ஒரு தடவை காட்டுங்க. எனக்குக் காட்டக்கூடாதுன்னா நீங்களாவது பாருங்க. நீங்க பாத்திருக்கீங்களா?"

"நாங்க தனித்தனி இமேஜ் பாக்க மாட்டோம் மேடம். ஏஐ மாடல்தான் பாக்கும்."

"மனுசன் ஒருத்தரும் பாக்கலியா?"

அவர் கணினியில் எதையோ தட்டினார். பெயர் தேடினார், கடவுச்சொல் கேட்டது, போட்டார். படம் திறந்தது.

தாளே இல்லை. எழுத்தும் இல்லை. திரை முழுக்க ஒரே சிவப்பு. அடுத்த நாள் படத்தைத் திறந்தார், சிவப்பு. அதற்கடுத்த நாள், சிவப்பு.

"கேமரா ஏதோ ப்ராப்ளம் போல" என்றார் சுபாஷ்.

டீச்சர் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினார். தன் போனை எடுத்தார், கேமராவைத் திறந்தார், கணினித் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். இரண்டும் ஒரே நிறம். அக்கா தங்கை மாதிரி.

சசிகலாவின் போன் அவருக்கு ஞாபகம் வந்தது. பெற்றோர் கூட்டத்தில் மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தாள். முதுகில் ஒரு சிவப்புப் பொட்டு. அவள் போனில் மட்டுமா? எத்தனையோ பேர் போனில் பார்த்திருக்கிறார். சிலருக்குச் சிவப்பு, சிலருக்குப் பச்சை. புதுப் போனுக்குக் கண்ணேறு படாமல் இருக்க இந்தப் பக்கத்து ஜனங்கள் ஒட்டிக்கொள்கிற திருஷ்டிப் பொட்டு என்றுதான் டீச்சர் இத்தனை காலமும் நினைத்திருந்தார். வண்டியில் எலுமிச்சம்பழம் கட்டுவதில்லையா, அதுபோல. இன்று காலையில் தன் போனிலேயே ஒட்டியபோதுகூட மனம் அங்கே போகவில்லை.

பிள்ளைகளுக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரியும். அவர்கள் வீட்டுப் போனில் கேமரா என்றால் சிவப்பாகத்தான் இருக்கும். செயலி அமுக்கச் சொன்ன இடத்தில் அமுக்கினார்கள், நன்றி என்றது, போய்த் தூங்கினார்கள்.

"வாவ்" என்றார் சுபாஷ். "எக்ஸலண்ட் இன்சைட் மேடம். இந்த ஸ்டிக்கர் ஆங்கிளை நாங்க யோசிக்கவே இல்ல. நெக்ஸ்ட் வெர்ஷன்ல டிடெக்ட் பண்ணிடலாம். ஈவ்னிங் செஷன்ல உங்க பேரைச் சொல்லி ஒரு ஸ்லைடு போட்டுக்கலாமா?"

"ஸ்லைடு கிடக்கட்டும். தென்றலை இரண்டாம் படியிலேர்ந்து தூக்குங்க. அஞ்சு மணிக்கு மூடுதீங்களே."

"அது என் கையில இல்ல மேடம். லெவலை மனுஷங்க மாத்த முடியாது. பயஸ், அதாவது பாரபட்சம் வந்துடும் இல்லையா? ஃப்ரெஷ்ஷா ஒரு அப்லோடு வந்தா மாடலே மாத்திடும். ரெஜிஸ்டர் பண்ணின போன்ல இருந்து வரணும், அவ்ளோதான்."

அவ்வளவுதான். ரெஜிஸ்டர் பண்ணின போன் சசிகலாவுடையது. சசிகலா வேலையில் இருக்கிறாள்.

டீச்சர் போன் அடித்தார். நல்லவேளை, அவளுக்கும் அது சாப்பாட்டு நேரம். கேன்டீன் சத்தத்துக்கு நடுவே, "மிஸ்? தென்றலுக்கு இன்னா ஆச்சு?" என்றாள், எடுத்ததும்.

"ஒண்ணும் ஆகல. நீ பதறாத. உன் போன்ல சிவப்பு ஸ்டிக்கர் இருக்குல்லா, அதாலதான் அவ கணக்கு எதுவும் போய்ச் சேரல. நீ அதைக் கொஞ்சம் பிச்சிரு. வீட்டுக்குப் போன உடனே, அஞ்சு மணிக்குள்ள..."

"பிக்கவா?" என்றாள் சசிகலா. "இன்னா மிஸ் நீங்க. அத்தப் பிச்சா கேட்லயே நிக்க வெச்சிருவான். சூப்பர்வைசர் வருவான், ஏஜென்சிக்கு போன் போடுவான். போன மாசம் எங்க லைன்ல ஒரு பொண்ணு, புள்ள உரிச்சிருச்சுன்னு எவ்ளோ அழுதுச்சு தெரியுமா. மறுநாள்லேர்ந்து வரலை."

"இன்னிக்கு ஒருநாள்தானே சசிகலா. உன் பிள்ளைக்குத்தானே."

"எனக்குத் தெரியாதா மிஸ் எம் புள்ளன்னு." குரல் கெட்டிப்பட்டது. "அதுவுமில்லாம இன்னிக்கு ஓவர்டைம். ஆறரைக்குத்தான் வுடுவான். அந்தக் கிளாஸ் இல்லாட்டி போவுது வுடுங்க. வேலை போச்சுன்னா அவ ஸ்கூலும் சேர்ந்துதான் போவும்."

டீச்சருக்குச் சுள்ளென்று வந்தது. சசிகலா மேலா, சுபாஷ் மேலா, கேட்டில் நின்ற ஏசுதாஸ் மேலா என்று பிரிக்க முடியாத கோபம். வகுப்பில் என்றால் டஸ்டரையாவது மேசையில் தட்டலாம். இங்கே தட்டுவதற்குச் சாக்லேட் கிண்ணம்தான் இருந்தது.

"வச்சிராத, லைன்லயே இரு" என்று சொல்லிவிட்டு சுபாஷ் பக்கம் திரும்பினார். "இந்தப் பிள்ளைக்கு நம்பரை மாத்தலாமா? அவ அம்மா நம்பருக்குப் பதிலா என் நம்பரைப் போடுங்க."

"நம்பர் மாத்தலாம்... ஆனா பழைய நம்பருக்கு ஒரு ஓடிபி போகும்."

"போகட்டும். சசிகலா, உனக்கு ஒரு நம்பர் வரும். அதைப் படிச்சுச் சொல்லு."

"ஓடிபியெல்லாம் யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு பேங்க்ல..."

"நான் உன் பிள்ளைக்கு டீச்சர்ட்டி!"

சசிகலா சிரித்துவிட்டாள். அன்றைக்கு அந்தப் பக்கமிருந்து வந்த முதல் நல்ல சத்தம் அது. எண்கள் வர நேரம் எடுத்தது. வந்ததும் ஒவ்வொன்றாகப் படித்தாள். சுபாஷ் தட்டினார். 'தென்றல், எட்டாம் வகுப்பு' என்று டீச்சரின் போனில் செயலி திறந்தது. நிலைத் தேர்வு. படம் எடுக்கவும்.

கேமரா திறந்தது. சிவப்பு.

டீச்சர் கைப்பையிலிருந்து தாள்களை எடுத்து மேசைமேல் விரித்தார். போனைத் திருப்பினார். ஸ்டிக்கரின் ஓரத்தில் நகத்தை வைத்தார்.

"மேடம், இங்க வேணாம்" என்றார் சுபாஷ், சுற்றுமுற்றும் பார்த்து. "ஹோஸ்ட் கம்பெனிக்குத் தெரிஞ்சா எங்க பார்ட்னர்ஷிப்புக்கே..."

"அப்ப நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கிடுங்க."

ஏசுதாஸ் ஒட்டியது லேசில் வருவதாக இல்லை. உரிக்க உரிக்கக் கிழிந்தது; கிழிந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ எழுத்து தெரிந்தது, உரித்தவரைக் காட்டிக்கொடுப்பதற்கென்றே போட்டதுபோல. கடைசித் துணுக்கையும் சுரண்டி, முந்தானையால் துடைத்து, படம் எடுத்தார். அனுப்பினார். ஒரு சக்கரம் சுற்றியது.

'வாழ்த்துகள் தென்றல்! அனைத்தும் சரி. நீ எட்டாம் படி.'

இரண்டாம் படியிலிருந்து எட்டாம் படிக்கு ஏற, சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும் நேரம்தான் ஆனது. தேர்ந்தெடுக்கப்பட்டோர் வரிசையில் பெயர் விழுந்துவிட்டதை சுபாஷ் கணினியில் காட்டினார்.

"மத்த பிள்ளையளுக்கு?" என்று கேட்டார் டீச்சர். "என் கிளாஸ்ல பாதி சிவப்பு. இந்த டீச்சர் ஸ்கூல்லயும் அப்படித்தான்." ஃபாத்திமா டீச்சர் தட்டோடு அங்கே வந்து நின்றிருந்தார்.

"ஃபீட்பேக் ஃபார்ம்ல போட்டுடுங்க மேடம்."

"அதுக்கும் ஸ்கேன் பண்ணணுமா?" என்றார் ஃபாத்திமா.

சுபாஷ் சாக்லேட் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார். ஆம் என்றுதான் அர்த்தம்.

மாலை அமர்வில் 'காரிடார் இன்சைட்' என்று ஒரு ஸ்லைடு வந்தது. சிவப்பு வட்டம் ஒட்டிய ஒரு போனின் படம். கைதட்டினார்கள். தென்றலைப் போன்ற பிள்ளைகளுக்கு இந்த வருஷமே தேர்வைத் திறந்துவிடுவார்களா என்று யாரும் சொல்லவில்லை. டீச்சர் மறுபடி எழுந்து கேட்டார். "நல்ல கேள்வி" என்றார்கள். அடுத்த கேள்விக்குப் போனார்கள். அவர் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். பின்வரிசைக்காரர் திரை மறைக்கிறது என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்.

வெளியே வரும்போது கேட்டில் அதே ஏசுதாஸ். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் திருப்பினார். முகம் மாறியது.

"இன்னா மேடம் இது?"

"பிள்ளை கணக்கைப் படம் எடுக்க வேண்டியிருந்தது."

"காலையிலயே சொன்னேனே. படிச்சவங்க, நீங்களே இப்டிப் பண்ணா?" போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒயர்லெஸ்ஸில் யாரையோ கூப்பிட்டார். டீச்சரை ஓரமாக நிற்கச் சொன்னார். மற்ற ஆசிரியர்கள் வேடிக்கை பார்த்தபடி கடந்து போனார்கள். ஃபாத்திமா டீச்சர் மட்டும் கூடவே நின்றார். கடைசி பஸ் போய்விடும் என்று டீச்சர்தான் அவரை விரட்டி அனுப்பினார்.

அதிகாரி ஒருவர் வந்தார். எடுத்த படங்களைக் காட்டச் சொன்னார். மூன்று படம், மூன்றும் கணக்குத் தாள். பின்னால் மங்கலாகச் சாக்லேட் கிண்ணம். "அழிச்சிடுங்க" என்றார். டீச்சர் அழித்தார். போனின் குப்பைத் தொட்டியிலிருந்தும் அழிக்கச் சொன்னார். அழித்தார். இனி இந்தப் பள்ளியிலிருந்து யார் வந்தாலும் போனைக் கேட்டிலேயே வாங்கி வைக்க வேண்டும் என்று ஏசுதாஸிடம் சொல்லிவிட்டு அவர் போனார்.

ஏசுதாஸ் போனை நீட்டினார். பிறகு ஏதோ நினைத்தவர்போல், "டீச்சர்னு வுட்டாரு மேடம். காலையில ஷிப்டுக்கு வர்ற கான்ட்ராக்ட் ஆளா இருந்தா கார்டை வாங்கினு அனுப்பிச்சிருப்பாரு. நான்தான் ரிப்போர்ட்டு எழுதித் தரணும். எனக்கு இன்னா, சந்தோசமா அது?" என்றார்.

டீச்சர் அவரைப் பார்த்தார். மதியம் கேன்டீனில் நின்றவளிடம், ஒருநாள்தானே, பிச்சிரு என்று தான் சொன்னது நினைவுக்கு வந்தது. கிழிந்த ஸ்டிக்கரோடு இந்த மாதிரி ஒரு கேட்டில் சசிகலா நிற்பதை நினைத்துப் பார்த்தார். அவளைக் கூட்டத்தில் வைத்துத் திட்டியதையும் சேர்த்து நினைத்தார். பிறகு பஸ்ஸுக்கு நடந்தார்.

ஒரகடம் கூட்டுரோட்டில் குன்றத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எதிரே கம்பெனி பஸ்கள் வரிசைகட்டி நின்றன. அடுத்த ஷிப்டு. ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு போன் வெளிச்சம். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு பொட்டு. காலையில்கூட அவர் கண்ணில் படாதது அது; இப்போது அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. அத்தனை போனுக்கும் இன்று சாயங்காலக் கணக்கு வந்திருக்கும்.

ஏழு மணி தாண்டி சசிகலாவின் எண்ணிலிருந்து போன் வந்தது. பேசியது தென்றல்.

"மிஸ், அம்மா இப்பதான் வந்துச்சு. என்னைச் சேத்துட்டாங்களாமே?"

"சேத்தாச்சு. எட்டாம் படி. எல்லாம் சரின்னு வந்துச்சு."

துள்ளுவாள் என்று டீச்சர் எதிர்பார்த்தார்.

"மிஸ், எந்தப் பேப்பரை அனுப்ச்சீங்க? நேத்து சாய்ந்தரம் குட்த்ததா?"

"ஆமா."

"அதுல மூணாவது கணக்கு தப்பு மிஸ். கடைசி வரில மைனஸை வுட்டுட்டேன். வூட்டுக்கு வந்து படுத்ததுக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. திங்கக்கிழமை சொல்லலாம்னு இருந்தேன்."

டீச்சர் கைப்பையிலிருந்து தாளை எடுத்து, பஸ் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூன்றாவது கணக்கு. மைனஸ் நான்கு வர வேண்டிய இடத்தில் நான்கு நின்றுகொண்டிருந்தது. காலையிலிருந்து இந்தத் தாளைச் சுமந்து, விரித்து, படம் எடுத்து, அழித்து, ஒரு தடவைகூட அவர் வாசிக்கவில்லை. இயந்திரமும் வாசித்திருக்கவில்லை.

"மிஸ், அப்போ நான் எட்டாம் படி இல்லியா?"

"நீ எட்டாங் கிளாஸ். அதுல ஒரு சந்தேகமும் இல்ல" என்றார் டீச்சர். "சனிக்கிழமை வண்டி வரும், ஒழுங்கா ஏறிப் போ. அந்த மூணாவது கணக்கைத் திங்கக்கிழமை வந்து போர்டுல போடணும், எல்லாருக்கும் முன்னால. இப்ப போனை அம்மாட்ட குடு. நான் அவகிட்ட ஒரு விஷயம் பேசணும்."

சசிகலா வரும்வரை, பஸ்ஸின் குலுக்கலில் தாளை முழங்காலில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, டீச்சர் சிவப்புப் பேனாவைத் திறந்தார். மூன்றாவது கணக்கின் கடைசி வரியில், நான்குக்கு முன்னால், ஒரு குறுக்குக்கோடு போட்டார்.